முதல் சம்பள நாளில் ஒரு வேலை

பட்டம் பெறும் பிள்ளைகளே, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே!

2015 செப்டம்பரில் மூணாறில் நடந்ததை இன்று உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். அங்கே தேயிலைக் கொழுந்து கிள்ளும் பெண்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். பிழைப்புத் தேடி மலையேறிய குடும்பங்களின் வாரிசுகள். அவர்கள் வேலை செய்த தோட்டக் கம்பெனியில் 2005 முதல் தொழிலாளர்களும் பங்குதாரர்கள். காகிதத்தில் பங்கு இருந்தது. நாள் கூலியோ 232 ரூபாய். முந்தைய ஆண்டு 19 சதவீதமாக இருந்த போனஸ் 10 ஆனதும் ஆயிரக்கணக்கான பெண்கள் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். பெரிய சங்கங்களின் ஆண் தலைவர்களைப் பக்கத்தில் விடவில்லை. 'பெம்பிளை ஒருமை', அதாவது பெண்கள் ஒற்றுமை, என்ற பெயர் அப்படித்தான் பிறந்தது. ஒன்பது நாளில் போனஸும் கருணைத்தொகையுமாக 20 சதவீதம் வாங்கினார்கள். 500 ரூபாய் கேட்ட கூலி, பிறகு 301 ஆனது. பின்னாளில் அவர்களுக்குள் பிளவும் வந்தது.

ஒன்பது நாளைக் கோபம் தாங்கும். பத்தாம் நாளிலிருந்து மாதக் கூட்டமும் கணக்குப் புத்தகமும்தான் தாங்க வேண்டும்.

அதற்கு நம் கொல்லிமலையையே பாருங்கள். குச்சிக்கிழங்கு காசு தந்ததால் சாமை, தினை வயல்கள் சுருங்கின. சாமையை உரலில் குத்தி உமி நீக்கும் பாடு முழுவதும் பெண்களுடையதாக இருந்ததும் ஒரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு ஊர்களுக்கு அரவை இயந்திரங்கள் வந்தன. மகளிர் குழுக்கள் அவற்றை நடத்தின. சாமை அரிசியையும் மாவையும் பொட்டலம் போட்டு விற்றன. உரல் ஓய்ந்தது நல்லதுதான். விளைவித்தவளே உட்கார்ந்து விலை பேசியதை அதைவிடப் பெரிதாக நான் மதிக்கிறேன்.

உங்களில் பலர் திருப்பூர், கோவைப் பக்கம் ஆலைகளில் சேர்வீர்கள். அங்கே விடுதிகளில் ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள் இருப்பார்கள். அன்று நம்மவர்கள் மூணாறுக்குப் போனதுபோல இவர்கள் இங்கே வந்திருக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் மூலம் வரும் வெளிமாநிலத் தொழிலாளிக்கு அவரவர் மொழியிலும் கூலி விவரம் எழுதிய பாஸ்புக் தர வேண்டும் என்று 1979லேயே சட்டம் சொன்னது. அதைக் கையில் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று விசாரியுங்கள்.

முதல் சம்பள நாளில் உங்கள் சம்பளச் சீட்டோடு நிறுத்தாதீர்கள். பக்கத்து மெஷின்காரியோடு உட்கார்ந்து ஓவர்டைம் எத்தனை மணி, பி.எஃப். பிடித்தம் எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். ஊரிலேயே தங்குகிறவர்கள், உங்கள் அம்மாவின் மகளிர் குழுவுக்குத் தீர்மானப் புத்தகம் எழுதுவது யார் என்று கேளுங்கள். வெளியாள் என்றால் அடுத்த கூட்டத்திலிருந்து நீங்கள் எழுதுங்கள். கையெழுத்து வாங்கும் முன் ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.