களை எடுக்கும் இயந்திர மனிதனும் நம் காய்கறித் தோட்டமும்

(வேங்கிக்காலில் காய்கறி உழவர்களிடையே ஆற்றிய உரை)



கார்த்திகை தீபம் நெருங்கும் நாட்களில் இவ்வட்டாரத்தில் காய்கறி பயிரிடுவோர் படும் பாட்டை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழை பெய்து களை மண்டும் அதே வாரத்தில்தான் ஆள் கிடைப்பதில்லை. "அயல்நாட்டில் களை எடுக்க இயந்திர மனிதன் வந்துவிட்டதாமே, நமக்கும் வருமா?" என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள்.

வந்திருப்பது உண்மை. பெயர்தான் இயந்திர மனிதன். கையும் காலும் கிடையாது. பிரான்சு நாட்டில் 2011-ல் தொடங்கிய நாயோ என்ற நிறுவனம் செய்த 'ஓஸ்' என்னும் சிறு வண்டி, மின்கலத்தில் ஓடி, வரிசைகளுக்கு இடையே தானாகவே கொத்திக்கொண்டு போகும். அமெரிக்காவின் கார்பன் ரோபாட்டிக்ஸ் 2022-ல் கொண்டுவந்தது வேறு வகை. டிராக்டரின் பின்னால் பூட்டும் அந்தக் கருவியில் 30 லேசர் குழல்கள் உண்டு. கேமரா செடியைப் பார்க்கும். பயிரா, களையா என்று கணிப்பொறி தீர்மானிக்கும். களையானால் அதன் குருத்தை லேசர் ஒளி சுட்டுவிடும். மணிக்கு 2 லட்சம் களைகளை அழிக்கும் என்பது நிறுவனத்தாரின் கூற்று.

கேட்க வியப்பாக இருக்கிறது. ஆனால் கணிப்பொறிக்குத் தானாக எதுவும் தெரியாது. லட்சக்கணக்கான படங்களைக் காட்டித்தான் பழக்க வேண்டும். அவர்கள் பழக்கியது தங்கள் வயல்களின் பயிரையும் களையையும். தண்டுக்கீரைப் பாத்தியில் தலைகாட்டும் முள்ளுக்கீரையை நம் வீட்டுப் பெண்கள் பார்த்த மாத்திரத்தில் பிடுங்குவார்கள். இரண்டும் ஒரே இனத்துச் செடிகள், இயந்திரம் திணறும். கோரையின் தலையைச் சுட்டாலும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு மறுபடி முளைக்கும். விலையோ, பல நூறு ஏக்கரில் ஓடினால்தான் கட்டுபடியாகும். அரை ஏக்கர் கத்தரிக்காக இதை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் ஒன்றை இன்றே அதனிடம் கற்கலாம். எந்த இயந்திரமும் முதலில் தேடுவது நேர்வரிசை. தக்காளியை 60-க்கு 45 செ.மீ. என்று கயிறு கட்டி நட்டால், பவர் வீடர் வரிசைக்கு இடையே தாராளமாகப் போகும். செடிக்குச் செடி உள்ள இடத்தை மட்டும் களைக்கொத்தால் கொத்தினால் போதும். கண்டபடி நட்ட தோட்டத்தில் எந்தக் கருவியும் நுழையாது, எத்தனை மானியம் கொடுத்தாலும்.

சின்ன வெங்காயத்தில் இது எளிதல்ல. 45 செ.மீ. பாரின் இருபுறமும் 10 செ.மீ. இடைவெளியில் நடுகிறோம், வீடருக்கு இடமில்லை. குச்சி போன்ற அதன் இலை நிழல் விழுத்திக் களையை அடக்காது. ஆகவே முதல் நாற்பது நாள் கைக்களைதான். ஆட்களை அதற்கு ஒதுக்கி, தக்காளி, கத்தரி, மிளகாயை வீடருக்கு விடுவதே என் யோசனை.

சொட்டுநீர் போட்டிருப்பவர்கள் வீடர் ஓட்டுமுன் பக்கக் குழாய்களைச் சுருட்டி ஒதுக்குங்கள். கத்தியில் சிக்கினால் குழாயும் போச்சு, அன்றைய வேலையும் போச்சு. களை மூன்று நான்கு இலை விடும்போதே ஓட்டுங்கள். ஈர மண்ணில் ஓட்டினால் வெட்டுப்பட்ட களை மீண்டும் வேர்பிடிக்கும்.

கடன் வாங்கி உடனே வீடர் வாங்கவும் வேண்டாம். வேளாண்மைப் பொறியியல் துறை கருவிகளை வாடகைக்குத் தருகிறது. உழவன் செயலியிலும் பதியலாம். வரும் நடவில் கால் ஏக்கரை மட்டும் நேர்வரிசையாக நட்டு, அங்கே களைக்கு ஆன ஆள், நாள், கூலி, வாடகை அத்தனையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மீதி நிலத்தின் கணக்கை எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள். வீடர் வாங்க மானியம் கேட்டு அலுவலகம் செல்லும் நாளில் அந்த நோட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.