கொசுவுக்குக் கில்லி!

ஊர்க்குளம் கெட்டதுக்குக் காரணம் அதிகாரிகளா, நாமா? நாமேதான் என்று சொல்லக் காரைக்கால் தருமபுரத்தில் இருந்து வந்திருக்கிறேன். ஞானசம்பந்தர் பாட்டு யாழில் அடங்கவில்லை என்று, திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழையே உடைக்கப் போன தலம் எங்க ஊர்.

எங்க தெருக் குளத்தில் சுண்டுவிரல் அளவு மீன் ஒண்ணு இருந்துச்சு. தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு. தண்ணி மேல்மட்டத்தை ஒட்டியே திரியும். கில்லி மீன் வகை. "கொசுவை 'கில்' பண்றதால கில்லியாம்மா?" என்று கேட்டான் என் பையன். (சிரிப்பு) இல்லைங்க. டச்சு மொழியில் 'கில்' என்றால் ஓடை. இந்த வகையில் ரொம்பச் சின்ன மீன் ஒன்றை 1916-ல் உலகுக்கு எழுதிச் சொன்னவர் சுந்தரராஜ் என்ற நம்ம சென்னை ஆராய்ச்சியாளர்.

குளத்தைத் தூர்வார வந்தப்போ, "செடி கொடி ஒண்ணு விடாம வழிச்சு எடுங்க"ன்னு சொன்னதே நான்தான்! என் மாமியார், "ஓரத்துச் செடியை விட்டுடச் சொல்லும்மா, மீனு முட்டை வைக்கும்"னாங்க. "உங்களுக்கு என்ன தெரியும் அத்தை?"ன்னுட்டேன்.

அவங்களுக்குத்தாங்க தெரிஞ்சிருக்கு! கில்லி தன் முட்டையைச் செடியில்தான் ஒட்ட வைக்கும். பொரிய ரெண்டு வாரம் ஆகும். செடி போச்சு, மீன் போச்சு, கொசு வந்துச்சு. (கைதட்டல்)

அப்புறம் என்ன செய்தோம்? கம்பூசியா மீனைக் கொண்டாந்து விட்டோம். அமெரிக்க மீன். கொசு ஒழிக்க 1928-ல் இந்தியாவுக்கு வந்தது. கொசுப்புழுவோடு நிறுத்துமா? மத்த மீனோட முட்டையையும் குஞ்சையும் சேர்த்துத் தின்னும். உலகின் மோசமான 100 அந்நிய உயிரினப் பட்டியலில் அதுவும் ஒண்ணு.

டெங்கு கொசு நம்ம வீட்டுத் தொட்டியில் பிறக்குது. அதுக்குத் தொட்டியை மூடணும். குளத்துக் கொசுவுக்கு, குளத்து மீனை வாழவிடணும். தூர்வாருங்க, வேண்டாம்னு சொல்லலை. ஒரு ஓரத்துச் செடியை மட்டும் விட்டுவையுங்க. கரை முழுக்க சிமென்ட் பூசாதீங்க. பக்கத்துக் குளத்துல நம்ம மீன் இருந்தா நாலு பிடிச்சு விடுங்க.

யாழை உடைக்க ஓங்கின கையை அன்னிக்கு ஞானசம்பந்தர் தடுத்தார். செடியைப் பிடுங்க ஓங்கின என் கையைத் தடுத்தது என் மாமியார். நான்தான் கேட்கலை. நீங்களாவது கேளுங்க! (பலத்த கைதட்டல்)