விளக்குப் பெட்டியின் பின்னாலிருந்து
(பெருங்குடியில் நடைபெற்ற பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாக உங்கள் கூட்டங்களில் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டவன் நான். கவிதையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. மேடைக்கு ஒளி அமைத்து இயக்குவது என் தொழில். அதைப் பற்றிச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

இத்தொழிலுக்கு நான் விரும்பி வந்தவனல்லன். இதே பெருங்குடியில் ஒரு மைக் செட் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். திருவிழாவுக்குச் சீரியல் விளக்குக் கட்டுவதும், மழை வந்தால் வயரைச் சுருட்டுவதும் வேலை. முதலில் கற்ற பாடம் கணக்கு. ஆயிரம் வாட் விளக்கு ஒன்று ஏறத்தாழ நாலரை ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். 15 ஆம்பியர் பிளக்கில் மூன்றுக்கு மேல் மாட்டினால் மண்டபமே இருண்டுவிடும். உங்களுக்கு யாப்பு எப்படியோ, எனக்கு அது.

பிறகு மெல்லிசைக் குழுக்களுக்குச் சென்றேன். அங்கே தாளம் கற்றுக்கொடுத்துவிடும். பல்லவி திரும்பும்போது ஒரு நிறம், சரணத்திற்கு வேறொன்று, கூட்டம் கைதட்டும். அக்காலத்தில் நிறம் மாற்ற ஏணியில் ஏறி ஜெலட்டின் தாளை மாற்ற வேண்டும், விரல் பொசுங்கும். இன்று எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்டன. டி.எம்.எக்ஸ். என்னும் முறையில் மெல்லிய கம்பி ஒன்றின் வழியே 512 தடங்களுக்கு ஆணை போகிறது. பட்டனை அழுத்தினால் போதும். அதனாலேயே பலரும் அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள் என்பது என் மனக்குறை.

நாடகத்திற்கு வந்தபோதுதான் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது தெரிந்தது. 1977-இல் தோன்றிய கூத்துப்பட்டறை, 1978-இல் ஞாநி தொடங்கிய பரீக்ஷா ஆகியவற்றுக்குப் பின்னர் சென்னையில் எத்தனையோ சிறு குழுக்கள் வந்தன. அத்தகைய குழு ஒன்று என்னை அழைத்தது. நாலே விளக்குகள். அழைப்பிதழில் ‘ஒளி: நண்பர்கள்’ என்றிருந்தது, அந்த நண்பர்கள் நான் ஒருவனே.

இறுதிக் காட்சியில் ஒரு மூதாட்டி கடிதத்தைப் படித்துவிட்டுத் தலை கவிழ்ந்திருப்பார். பிரதியில் ‘மௌனம், பின் இருள்’ என்று எழுதியிருந்தது. ஒத்திகைக்கு நான் போகவில்லை. மனத்துக்குள் ஐந்து எண்ணினேன், விளக்கை அணைத்தேன். கைதட்டல் கிடைத்தது. திரைக்குப் பின்னால் அந்த அம்மையார் என்னிடம் வந்தார். கோபமில்லை. “தம்பி, நான் இன்னும் நிமிரவே இல்லையேப்பா” என்றார்.

அவர் நிமிர்ந்து பார்க்கும் அந்தப் பார்வைதான் நாடகம் என்பதை மறுநாள் ஒத்திகையில் கண்டேன். முதல் நாள் வந்தவர்கள் அதைக் காணாமலே வீடு திரும்பினார்கள். அவர்களுக்கு அதை நான் இனித் திருப்பித் தர முடியாது. அன்றுமுதல் விளக்குப் பெட்டி இல்லாமலே ஒத்திகைகளுக்குச் செல்கிறேன்; நடிகர்களின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முன்னாளில் உப்புநீர் டிம்மர் என்று ஒன்று உண்டு. உப்புக் கரைத்த நீருக்குள் மின்தகட்டை இறக்கினால் ஒளி கூடும்; மேலே தூக்கினால் குறையும். உயிருக்கு ஆபத்தான ஏற்பாடு; அது ஒழிந்ததில் வருத்தமில்லை. ஆயினும் அதில் ஒளியைக் குறைப்பவன் தன் கையாலேயே மெல்ல மெல்லக் குறைக்க வேண்டியிருந்தது. கல்கத்தாவில் தபஸ் சென் 1959-இல் உத்பல் தத்தின் ‘அங்கார்’ நாடகத்தில் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறி வருவதை ஒளியாலேயே காட்டினார். மேடையில் ஒரு சொட்டு நீரில்லை.

அதே வங்கத்திலிருந்து வந்தவர்தாம் பாதல் சர்க்கார். இங்கிருந்து பக்கிங்காம் கால்வாயைத் தாண்டினால் வரும் சோழமண்டலத்தில் 1980-இல் அவர் பயிலரங்கு நடத்தினார். ஒளியும் அரங்கப் பொருள்களும் வேண்டாம், நடிகன் உடல் போதும் என்பது அவர் கட்சி. விளக்குக்காரனாகிய நான் அதை மறுக்க வேண்டும். மறுக்க முடியவில்லை. தீப்பந்த வெளிச்சத்திலும் பெட்ரோமாக்ஸ் விளக்கிலும் விடிய விடிய ஆடிய நம் தெருக்கூத்துக்கு யார் பட்டன் அழுத்தினார்கள்? எனவே ஒவ்வொரு நாடகத்திலும் முதலில் கேட்டுக்கொள்கிறேன்: இந்த இடத்தில் நான் வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம் என்றே விடை வருகிறது. மீதி இடங்களுக்குத்தான் கூலி வாங்குகிறேன்.

ஓர் இடர்ப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். மண்டபத்தில் முழு இருள் கிடைப்பதே அரிதாகிவிட்டது. பார்வையாளர் கையிலெல்லாம் கைப்பேசி. வெளியே பழைய மகாபலிபுரம் சாலையில் இரவு என்பதே இல்லை.

இன்று மாலைக் கவியரங்கத்திற்கும் நானே விளக்கு. வாசிக்கவிருக்கும் கவிஞர்களிடம் ஒரு விண்ணப்பம். கடைசி வரி முடிந்தவுடன் அஞ்சித் தாளை மடக்கிவிடாதீர்கள். வேண்டுமட்டும் நில்லுங்கள். தாள் மடங்கும்வரை என் கை அசையாது.