பழைய கடதாசியை எறியாதீர்கள்
(வரக்காப்பொலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் ஒரு பழைய லயம் இருக்கிறது. சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் அதைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியது. நம் பாட்டன் பாட்டிமார் புழங்கிய சாமான்களும் வேலைக் கருவிகளும் பத்திரங்களும் அங்கே இருக்கின்றன. அருங்காட்சியகம் என்றால் அரசரின் கிரீடமும் வாளும்தான் என்று நினைத்திருந்தோம். லயத்துச் சாமானும் சரித்திரம்தான்.

நாம் இறப்பர் தோட்டத்து ஆட்கள். பால்வெட்டும் கத்தி, சிரட்டை, வாளி, பழைய சம்பளத் துண்டு எல்லாம் நம் வீடுகளிலும் உண்டு. தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது அவற்றைத்தான் முதலில் எறிகிறோம். கத்தி பழைய இரும்புக்குப் போகிறது. கடதாசி அடுப்புக்குப் போகிறது.

கடதாசி போனால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தகப்பனோ முன்னோரோ இங்கே பிறந்ததை நிரூபிக்கச் சொன்னது. பிறப்புப் பதிவு இல்லாத நம்மவர்கள் எதைக் காட்டுவார்கள்? லட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அந்தத் துன்பம் நீண்டது. இன்றும் சேமலாப நிதி கேட்டுப் போகும்போது பெயர் ஓரிடத்தில் ஒருவிதமாக இருந்தால், பழைய துண்டுதான் சாட்சி.

வரும் ஞாயிறு பாடசாலை மண்டபத்தைத் திறந்து வைக்கிறோம். வீட்டில் இருப்பதைக் கொண்டு வாருங்கள். பெரியவர்கள் சொல்ல, பிள்ளைகள் எழுதுவார்கள். பத்திரங்களைப் படம் எடுத்துவிட்டு உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம். மூலப் பத்திரத்தை எங்களிடம்கூட விட்டுச் செல்ல வேண்டாம்.

அம்மாயிமாரே, கையில் ஒன்றுமில்லை என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். உங்கள் வாயில் இருப்பதும் வேண்டும்.