தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் ஒரு சண்டை

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசுங்களேன்" என்றார் சங்கச் செயலாளர். இன்றைக்கு மேடை ஏறுகிற அத்தனை பேரும் இன்ஜினியர்கள். எல்லோரும் அதைத்தான் பேசப் போகிறார்கள். அதனால் நான் கொஞ்சம் விலகிப் போய் ஒரு கடற்சண்டையைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. நடந்த இடமோ, சண்டைக்குச் சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஒரு நாட்டின் துறைமுகம். ஆனால் அங்கே மோதிய கப்பல்களில் பல, மறு வருஷமே நம்முடைய சதுரங்கப்பட்டினத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் எதிரே வந்து நின்றன. பாண்டிச்சேரியில் சுஃப்ரேன் பெயரில் ஒரு தெரு இருக்கிறதே, அந்த சுஃப்ரேன்தான் நம் கதாநாயகர். கதாநாயகரா வில்லனா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

1780 டிசம்பரில் இங்கிலாந்து ஹாலந்து மீது போர் அறிவித்தது. பிரான்சோடு ஏற்கெனவே சண்டை நடந்துகொண்டிருந்தது. நன்னம்பிக்கை முனை அப்போது டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்கு வரும் கப்பல்கள் தண்ணீரும் இறைச்சியும் காய்கறியும் ஏற்றிக்கொள்ளும் இடம் அதுதான். சூயஸ் கால்வாய் எல்லாம் கிடையாது. முனை யார் கையிலோ, இந்தியாவுக்கு வரும் பாதையின் சாவியும் அவர் கையில். அதைப் பிடித்துவிட வேண்டும் என்று கமடோர் ஜார்ஜ் ஜான்ஸ்டன் என்பவரை ஏறத்தாழ 3000 படைவீரர்களோடு ஆங்கிலேயர் அனுப்பினார்கள். அவர் 1781 மார்ச் 13 அன்று புறப்பட்டார். செய்தி பிரான்சுக்குக் கசிந்துவிட்டது. ஒன்பதே நாள் கழித்து, மார்ச் 22 அன்று, பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து சுஃப்ரேன் கிளம்பினார். அவருக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: ஜான்ஸ்டனுக்கு முன்னால் முனைக்குப் போய்ச் சேர்ந்து, டச்சுக்காரர்களுக்குத் துணையாகப் படையை இறக்க வேண்டும். அந்த வேலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இப்போது நம் துறைக்கு வருவோம்: தண்ணீர். 64 பீரங்கிக் கப்பல் ஒன்றில் சுமார் 500 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிக்க, சமைக்க எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் என்று கணக்குப் போட்டாலும் தினம் 2 டன். மூன்று மாதத்துக்கு 180 டன். அத்தனையும் மரப்பீப்பாயில், கப்பலின் அடிவயிற்றில். சுஃப்ரேனின் ஐந்து போர்க்கப்பல்களில் 'அர்த்தேசியன்' என்ற கப்பல் முதலில் அமெரிக்கப் பக்கம் போவதற்காக ஏற்பாடு செய்யப்பட்டது. கடைசி நேரத்தில் இவரோடு சேர்த்துவிட்டார்கள். இவ்வளவு நீண்ட பயணத்துக்கு அதில் தண்ணீர் போதவில்லை. ஆகவே வழியில் ஓரிடத்தில் நிறுத்தித் தண்ணீர் பிடித்துக்கொண்டு போகலாம் என்று முடிவாயிற்று. ஒரு கப்பலின் தண்ணீர்க் கணக்கு இடித்ததால் நடந்த சண்டை இது என்று சொன்னால் அது மிகையில்லை.

அந்த இடம், ஆப்பிரிக்காவின் மேற்கே உள்ள கேப் வெர்டே தீவுக்கூட்டத்தில், சாந்தியாகோ தீவின் போர்ட்டோ பிராயா. 1975 இல் சுதந்திரம் அடைந்த அந்த நாட்டுக்குத் தலைநகர் இப்போது அதே பிராயாதான். அன்றைக்கு அது போர்ச்சுகலின் சொத்து. போர்ச்சுகல் இந்தச் சண்டையில் யார் பக்கமும் சேராத நடுநிலை நாடு.

ஏப்ரல் 16, 1781. முன்னால் போன அர்த்தேசியன், துறைமுகத்தின் முனையைத் தாண்டியதும் சைகைக் கொடி ஏற்றுகிறது: எதிரிக் கப்பல்கள்! உள்ளே ஜான்ஸ்டனின் கூட்டம் முழுவதும் நங்கூரம் போட்டு நிற்கிறது. அவர்களும் தண்ணீர் பிடிக்கத்தான் வந்திருந்தார்கள். போர்க்கப்பல், படை ஏற்றிய கப்பல், கம்பெனிக் கப்பல் எல்லாம் சந்தையில் வண்டி நிறுத்தினதைப் போல் கலந்து நிற்கின்றன. போர்க்கப்பல்கள் வெளியே, சரக்குக் கப்பல்கள் உள்ளே என்ற ஒழுங்குகூட இல்லை. சுமார் 1500 பேர் கரையில். தண்ணீர்ப் பீப்பாய் உருட்டுகிறவர்கள், மாடு வாங்குகிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள். நடுநிலைத் துறைமுகம்தானே, யார் என்ன செய்யப் போகிறார்கள் என்ற தைரியம்.

சுஃப்ரேனுக்கு அப்போது வயது 51. பருத்த உடம்பு, அழுக்குச் சட்டை, பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. யோசிக்கவே இல்லை. நேராக உள்ளே விட்டார்.

அந்தக் காலத்துச் சட்டத்தைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை. கரையிலிருந்து பீரங்கிக் குண்டு எட்டும் தூரம் வரை கடல் கரைநாட்டுக்குச் சொந்தம் என்று பைங்கர்ஷோக் என்ற டச்சுச் சட்ட அறிஞர் அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். "குண்டு எட்டுகிற தூரம் என்று இழுக்காமல் மூன்று மைல் என்று வைத்துக்கொள்ளுங்களேன்" என்று கலியானி என்ற இத்தாலியர் சொன்னது, இந்தச் சண்டைக்கு மறு வருஷம், 1782 இல். எப்படிப் பார்த்தாலும் போர்ட்டோ பிராயா துறைமுகத்துக்குள் சுடுவது தப்பு. சுஃப்ரேனுக்கு அது தெரியாதா? நன்றாகவே தெரியும். 1759 இல் போர்ச்சுகலின் லாகோஸ் பக்கத்தில், அதே நடுநிலைக் கடலில், பாஸ்கவென் என்ற ஆங்கிலேய அட்மிரல் பிரெஞ்சுக் கப்பல்களைத் துரத்தி வந்து எரித்தும் பிடித்தும் போனார். அன்றைக்குப் பிரெஞ்சுக் கொடிக்கப்பலில் இளம் அதிகாரியாக இருந்து ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டவர் இதே சுஃப்ரேன். போர்ச்சுகல் புகார் செய்தது. இங்கிலாந்து ஒரு பிரபுவை அனுப்பி மரியாதையாக வருத்தம் தெரிவித்தது. பிடித்த கப்பலை மட்டும் திருப்பித் தரவில்லை. 22 வருஷம் மனதில் வைத்திருந்தார் மனுஷன்.

அதற்காக அவர் செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. நீ அன்றைக்கு என்னை அடித்தாய் என்று இவர் அவரை அடிக்கிறார், அடி விழுவதோ இரண்டு பேருக்கும் சம்பந்தமில்லாதவன் வீட்டு முற்றத்தில். இரண்டு தடவையும் அவமானப்பட்டது போர்ச்சுகல்தான். அதனிடம் சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்தைக் காப்பாற்றப் போதுமான பீரங்கி அந்தத் துறைமுகத்தில் இல்லை.

இனிச் சண்டை. கணக்குப்படி பார்த்தால் பிரெஞ்சுப் பக்கம் 340 பீரங்கி, ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் ஐந்திலும் சேர்த்து 288. கூடவே எதிரி தூங்குகிற நேரம். ஜெயிக்க வேண்டிய சண்டை இது. சுஃப்ரேன் தன் 'எரோ' கப்பலைக் கொண்டுபோய் ஆங்கிலேயர் நடுவில் நங்கூரம் போட்டுச் சுட ஆரம்பித்தார். (ஆங்கிலேயரிடமும் 'ஹீரோ' என்று ஒரு கப்பல் உண்டு. இரண்டு பக்கமும் வீரன்தான்.) பின்னால் வந்த 'அன்னிபால்' அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதன் கேப்டன் திரெமிகோன் தைரியசாலி. ஆனால் அவர் என்ன நினைத்திருந்தார் தெரியுமா? நடுநிலைத் துறைமுகத்தில் நம் தலைவர் நிச்சயம் சுடமாட்டார் என்று நினைத்திருந்தார்! அதனால் சண்டைக்குக் கப்பலைத் தயார் செய்யவில்லை. பீரங்கித் தளம் முழுவதும் சாமான். அந்த நிலையில் எதிரி நடுவில் போய் நின்றால் என்ன ஆகும்? திரெமிகோன் செத்துப் போனார். கப்பல் தன் பாய்மரங்கள் மூன்றையும் இழந்தது.

மூன்றாவது வந்தது தண்ணீர் இல்லாத அந்த அர்த்தேசியன். அதன் கேப்டன் கார்தயாக், புகையில் ஒரு கம்பெனிச் சரக்குக் கப்பலைப் போர்க்கப்பல் என்று எண்ணி அதன் பக்கம் போனார். ஆரம்பத்திலேயே குண்டடி பட்டு இறந்தார். தலைவன் இல்லாத கப்பல் காற்றோடு வெளியே போய்விட்டது. மீதி இரண்டு, 'ஸ்ஃபின்க்ஸ்', 'வாஞ்ஜர்'. அவை நங்கூரம் போடவே இல்லை. சுட்டுக்கொண்டே கடந்து போயின. போனால் போனதுதான். சதுரப் பாய் கட்டிய கப்பல் காற்று வரும் திசைக்கு ஏறத்தாழ 67 டிகிரிக்கு மேல் நெருங்கிப் போக முடியாது. அங்கே காற்று கரைப்பக்கமிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. ஒரு தடவை காற்றுக்குக் கீழே நழுவிவிட்டால் வளைந்து வளைந்து திரும்பி வருவதற்குள் சண்டை முடிந்துவிடும். ரிவர்ஸ் கியர் கிடையாது.

ஆக, ஐந்து கப்பலோடு வந்த மனிதர் இரண்டே கப்பலோடு சண்டை போட்டார். கொஞ்ச நேரத்தில் ஆங்கிலேயர்கள் விழித்துக்கொண்டார்கள். கரையிலிருந்த ஆட்கள் படகில் ஓடி வந்தார்கள். சுஃப்ரேன் நங்கூர வடத்தை வெட்டிவிட்டு வெளியேறினார். பின்னாலேயே அன்னிபால் தட்டுத்தடுமாறி வந்தது.

மற்ற கேப்டன்கள் கோழைகள் என்று பிரெஞ்சுக்காரர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திட்டம் ஒரே ஒரு தலைக்குள் இருந்தது. அந்தத் தலைக்குச் சொந்தக்காரருக்கு எல்லாம் தெளிவு. மற்ற நான்கு பேருக்கு, கொடியில் வரும் சைகையும் சொந்த ஊகமும்தான். தம்பிகளே, நீங்கள் வேலைக்குப் போனதும் இதைப் பார்ப்பீர்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில், பெரிய பம்பை நிறுத்தாமலே வால்வை மாற்றுவது என்று மேலதிகாரி ராத்திரி முடிவெடுத்தார். காலை ஷிப்ட்டுக்குச் சொல்லவில்லை. காலையில் வந்தவர்கள் பழைய முறைப்படி பம்பை நிறுத்திவிட்டார்கள். அரை நாள் உற்பத்தி போயிற்று. திட்டு வாங்கியது யார்? காலை ஷிப்ட்.

ஆங்கிலேயப் பக்கத்திலும் அதே கதை, இன்னும் மோசமாக. பிரெஞ்சுக்காரர்களைத் துரத்தலாம் என்று ஜான்ஸ்டன் கிளம்பினார். 'ஐசிஸ்' கப்பலின் கேப்டன் சட்டனுக்குப் பாய்மரமும் கயிறும் சேதமாகியிருந்தன. கிளம்பத் தாமதம் ஆயிற்று. பொழுது சாய்ந்தது, காற்று சரக்குக் கப்பல்களை விட்டு வெகுதூரம் இழுத்துக்கொண்டு போகிறது என்று ஜான்ஸ்டன் திரும்பிவிட்டார். ஆனால் பழியைச் சட்டன் தலையில் கட்டிக் கைது செய்தார். இரண்டு வருஷத்துக்கு மேல் கழித்து நடந்த கோர்ட் மார்ஷலில் சட்டன் குற்றமற்றவர் என்று விடுதலையானார். விட்டாரா? ஜான்ஸ்டன் மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட்டார். ஜூரி முதலில் 5000 பவுன் என்றது, மறு விசாரணையில் 6000 பவுன் என்றது. மேல்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1787 இல் பிரபுக்கள் சபையும் ரத்து செய்தது சரி என்றது. பொய்க் குற்றச்சாட்டுக்கு நஷ்டஈடு கேட்கும் சட்டத்தைப் படிப்பவர்களுக்கு 'ஜான்ஸ்டன் எதிர் சட்டன்' இன்றும் பாடம். துறைமுகத்தில் கப்பலை ஒழுங்காக நிறுத்தாத ஜான்ஸ்டன் மேல் யாரும் வழக்குப் போடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, ஜெயித்தது யார்? துறைமுகத்தில் நின்றது ஆங்கிலேயர். ஓடியது பிரெஞ்சுக்காரர். ஆனால் சுஃப்ரேனுக்குக் கொடுத்த வேலை என்ன என்று முதலிலேயே சொன்னேன். பாய்மரம் இல்லாத அன்னிபாலை வழியெல்லாம் இழுத்துக்கொண்டே போய், ஜூன் 21 அன்று முனைக்குச் சேர்ந்து படையை இறக்கினார். சண்டை முடிந்து ஏறத்தாழ இரண்டு வாரம் பிராயாவிலேயே நின்று ரிப்பேர் பார்த்த ஜான்ஸ்டன், ஜூலையில் வந்து பார்த்தார், முனை கெட்டியாகிவிட்டது. பக்கத்தில் சல்தான்யா விரிகுடாவில் ஒதுங்கியிருந்த டச்சு வணிகக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். வாங்கி வந்த வேலை முடியவில்லை. அவர் தன் போர்க்கப்பல்களில் மூன்றை, ஹீரோ, மான்மத், ஐசிஸ், படைகளோடு இந்தியாவுக்கு அனுப்பினார்.

இங்கேதான் கதை நம் கரைக்கு வருகிறது. 1782 பிப்ரவரி 17 அன்று சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே, சுஃப்ரேனும் ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸும் மோதியபோது, பிராயாவில் பார்த்துக்கொண்ட அதே கப்பல்கள் மறுபடியும் எதிரெதிரே. முன்பு நங்கூரத்தில் மாட்டிக்கொண்ட மான்மத், ஏப்ரல் 12 அன்று இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் நடந்த சண்டையில் பாய்மரம் இரண்டை இழந்தது. ஜூலை 6 அன்று நாகப்பட்டினம். செப்டம்பர் 3 அன்று திருகோணமலை. நடுவில் சுஃப்ரேன் கடலூர்ப் பக்கம் இறங்கி ஹைதர் அலியைப் போய்ப் பார்த்தார். பிராயாவில் ஆங்கிலேயப் படைக்குத் தலைவராக இருந்த ஜெனரல் மெடோஸ் பிற்பாடு 1790 இல் சென்னைக்கே கவர்னராக வந்து திப்புவோடு போர் செய்தார்.

ஐந்து சண்டையிலும் கேப்டன்களோடு சுஃப்ரேனுக்குத் தகராறுதான். திட்டத்தை அவர் கடைசி வரை தன் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். கடைசிச் சண்டை 1783 ஜூன் 20 அன்று, கடலூருக்கு எதிரே. ஐரோப்பாவில் ஜனவரியிலேயே பூர்வாங்கச் சமாதானம் கையெழுத்தாகிவிட்டது. செய்தி கடலூருக்கு வந்து சேர்ந்தது, சண்டை முடிந்து சில நாள் கழித்து.