முதியோர் பராமரிப்பு: கருணை கேட்போர் கூலி பேசுவதில்லை



முதியோரைக் கவனிக்க ஆள் தேடும் விளம்பரங்களில் "அன்பும் பொறுமையும் கொண்ட பெண் தேவை" என்ற வாசகம் தவறாமல் இடம்பெறுகிறது. வேலை நேரம் எவ்வளவு, வார விடுப்பு உண்டா என்பதைப் பெரும்பாலானவை சொல்வதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் 10 கோடிக்கும் அதிகம். பிள்ளைகள் பிழைப்புக்காக வெளியூர் சென்றுவிட்ட வீடுகளில் இவர்களைக் கவனிப்பது யார்? தில்லியில் ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண்கள். கொல்கத்தாவில் 'ஆயா சென்டர்கள்' அனுப்பும் பெண்கள். குடும்பம் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு இடைத்தரகருக்குப் போகிறது. அந்தக் குடும்பமும் பல இடங்களில் மாதச் சம்பளத்தில் காலம் தள்ளுவதுதான்; அதை எதிரியாக்கிப் பேசுவதில் பயனில்லை.

படுத்த படுக்கையாக உள்ளவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் புண் வந்துவிடும். இரவெல்லாம் அதைச் செய்பவரே பகலில் சமைக்கவும் துணி துவைக்கவும் ஏவப்படுகிறார். முதியவர் மீது கை ஓங்கப்பட்ட செய்தி வந்தால் அந்தப் பெண்ணின் குணம் அலசப்படுகிறது. அடித்தது குற்றமே. ஆனால் அவர் எத்தனை மணி நேரம் உறங்காமல் இருந்தார் என்று எவரும் விசாரிப்பதில்லை. ஆள் எடுக்கும்போது கனிவைச் சோதிப்பது சரி. அந்தக் கனிவு ஓய்வில்லாமல் நீடிக்கும் என்று நம்புவது சுரண்டலுக்கு வசதியான நம்பிக்கை.

அரசு என்ன செய்கிறது? 2007ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோரைப் பேணும் கடமையைப் பிள்ளைகள் மீது சுமத்தியது. முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயது வரையிலானோருக்கு ஒன்றிய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். ஒரு நாள் பராமரிப்புக் கூலிக்கே அது காணாது! வீட்டுப் பணியாளர் உரிமைக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆவது உடன்படிக்கை 2011இல் நிறைவேறியது. இந்தியா அதை ஏற்புறுதி செய்யவில்லை.

வேறு வழி இல்லாமலில்லை. கேரளம் 2008இல் வலிநிவாரணப் பராமரிப்புக்கெனக் கொள்கை வகுத்தது. உள்ளாட்சி அமைப்புகள் அமர்த்திய செவிலியர் வீடு தேடிச் செல்கின்றனர். பக்கத்து வீட்டுத் தன்னார்வலர்கள் துணை நிற்கின்றனர். அங்கும் ஒப்பந்த முறை என்ற குறை உண்டு. பணி நிரந்தரத்துக்கான கோரிக்கையைக் கைவிட முடியாது.

ஆஷா, அங்கன்வாடி ஊழியர்களைத் 'தொண்டர்' என்றழைத்தே ஊதியம் மறுக்கப்பட்டது. திட்டப் பணியாளரைத் தொழிலாளராக ஏற்குமாறு 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அது இன்னும் காகிதத்தில்தான். முதியோர் பராமரிப்பிலும் அதே பெயர் சூட்டல் தொடங்கும் முன்பே, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம், எட்டு மணி நேரம், வார விடுப்பு, அரசுச் செலவில் பயிற்சி ஆகிய கோரிக்கைகளோடு ஒவ்வொரு நகரக் குழுவும் இவர்களைச் சங்கத்தில் சேர்க்கும் பணியைத் தொடங்க வேண்டும். தரகு நிலையங்களின் வாசலில், பணிமுறை மாறும் காலை வேளையில், இவர்களைச் சந்திக்கலாம்.