செலவு கூடிப்போச்சு. வசதி கூடிச்சா?

(படப்பையில் ஆற்றிய உரையிலிருந்து)



ஒரு கணக்கோட ஆரம்பிக்கிறேன். இந்திய அரசின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வு சொல்வது இது. 2011-12இல் கிராமத்தில் ஒருவர் 100 ரூபாய் செலவு செய்தால், நகரத்தில் ஒருவர் 184 ரூபாய் செலவு செய்தார். 2023-24இல் அது 170 ஆகிவிட்டது. நம்ம தமிழ்நாட்டில் மாதம் தலைக்குக் கிராமத்தில் 5,701 ரூபாய், நகரத்தில் 8,165 ரூபாய். அதாவது 100க்கு 143 தான். இடைவெளி குறையுது. நல்ல செய்திதானே?

பாதி நல்ல செய்தி. பிள்ளைக்கு முட்டை, பால், படிப்புன்னு செலவு கூடினா அது முன்னேற்றம். சந்தேகமே இல்லை.

மீதிப் பாதியை இந்த வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில நின்னு பாருங்க. பக்கத்துல ஒரகடம், கார், லாரி தொழிற்சாலைகள். வயல் மனையாச்சு. வீட்டில் விளைஞ்ச நெல்லையும் கறந்த பாலையும் ஆய்வு மதிப்பு போட்டுச் சேர்க்குது, ஆனா களத்து விலைக்கு. அதே அரிசியைக் கடையில வாங்கினா கடை விலை. சாப்பாடு அதேதான், கணக்குல செலவு கூடிடுச்சு!

நாடு முழுக்கக் கிராமங்களில் உணவு தவிர்த்த செலவில் முதலிடம் எதுக்கு தெரியுமா? போக்குவரத்துக்கு! வேலைக்குப் போக பெட்ரோல் போடுறவங்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்கணுமா? அதோட தண்ணி கேன், அறை வாடகை. செலவு நகரத்து அளவுக்கு வந்துடுச்சு. பேருந்தும் குடிநீரும் ஆஸ்பத்திரியும் அதே வேகத்துல வந்துச்சா?

இன்னொண்ணு. இந்த ஆய்வு சொல்றது செலவை. அந்தச் செலவு சம்பளத்துல நடந்துச்சா, கடன்ல நடந்துச்சான்னு இந்தச் சராசரி சொல்லாது. அது உங்க வீட்டு நோட்டுக்குத்தான் தெரியும்.

அதனால இடைவெளி குறைஞ்சுதுன்னு யாராவது கைதட்டச் சொன்னா, ஒரு கேள்வி கேளுங்க: "வருமானம் கூடிக் குறைஞ்சுதா, விலைவாசி துரத்திக் குறைஞ்சுதா?"

ஊர் நகரமா மாறுறதை நாம தடுக்கச் சொல்லலை. செலவு மட்டும் நகரமாகி, வசதி கிராமமாவே நிக்கக் கூடாதுன்னுதான் சொல்றோம். அடுத்த கிராம சபைக்கு வாங்க. உங்க ஒரு மாச வீட்டுச் செலவை எழுதி எடுத்துட்டு வாங்க. ஷிஃப்ட் நேரத்துக்குப் பேருந்து, குழாயில் குடிநீர் - இந்த ரெண்டையும் தீர்மானமாப் போடச் சொல்லுவோம்.

கணக்கு நம்ம கையில இருந்தா, பதில் சொல்லாம யாரும் போக முடியாது.